சுருக்கி உதிர்த்த பஞ்சு

போடியில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பது பங்குனியிலும் சித்திரையிலும்தான் என்றாலும், ஓர் ஐப்பசி அடைமழையில், மேற்கு மலை முழுவதும் நனைந்து கறுத்துக் கிடந்த ஒரு காலையில், குருநாதன் வீடியோ கடையின் மாடி ஜன்னல் வழியாக வெள்ளையும் சாம்பலுமாகப் பஞ்சு பறந்து வந்து தெருவில் இறங்கத் தொடங்கியபோது யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தக் கடைக்குக் கீழேயே மீராசா ராவுத்தர் பஞ்சு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி இருந்தது; அந்தத் தெருவில் பிறந்தவர்கள் சோற்றில் விழுந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் பழகியவர்கள்; பஞ்சு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

ராவுத்தருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. நாற்பது வருடம் பஞ்சைக் கையில் பிடித்தவர் அவர். ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்தார்.

"தாயி, இது என் பஞ்சு இல்ல. என் பஞ்சுல வெயில் வாசம்தான் அடிக்கும். இதுல சந்தனம் அடிக்குது, சாம்பார் அடிக்குது, யாரோ ஒரு பொம்பள அழுத வாசங்கூட அடிக்குது."

தமயந்தி நாற்காலியைத் திருப்பாமலே கணினியின் பின்பக்கத்தைக் காட்டினாள். சூட்டைத் தள்ளுவதற்காக அதன் முதுகில் சுழலும் சின்னக் காற்றாடியிலிருந்து, பருத்திக்கடையில் பஞ்சு அடிக்கும்போது தெறிப்பதைப் போல, இழை இழையாக வந்துகொண்டிருந்தது.

"இங்கருந்துதான் மாமா வருது. நேத்து ரங்கநாதர் மண்டபத்துக் கல்யாணத்தைச் சுருக்குறேன். வேண்டாததெல்லாம் வெளிய போகுது."

"அதுவும் சரிதான். வேண்டாதது எங்கயாச்சும் போகத்தானே வேணும்" என்று ராவுத்தர் சொன்னார். பிறகு அந்தக் கைப்பிடிப் பஞ்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தமயந்தி மதுரையில் கணிதம் படித்துவிட்டு, வீடியோ எடுப்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். குருநாதன் எடுப்பான், அவள் மாடியில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெயர் ஓடவிட்டுக் கொடுப்பாள். ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் துபாயிலும் குவைத்திலும் இருந்தார்கள். தங்கையின் கல்யாணத்துக்கும் தகப்பனின் சாவுக்கும் அவர்களால் வர முடியாது. வர முடியாதவர்களுக்காகக் கல்யாணத்தைப் போலவே சாவையும் வீடியோ எடுத்து அனுப்புவது அந்த ஊரில் முறையாகிப் போயிருந்தது. ஆனால் மூன்று மணி நேரக் கல்யாணம் ஃபோனில் போகாது, பாதியில் நின்றுவிடும். அங்கே ஒருவன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, தங்கையின் கழுத்துக்குத் தாலி போகும் நேரத்தில் சுற்றிச் சுற்றி வரும் ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த வட்டத்தைத்தான் தமயந்தியால் பொறுக்க முடியவில்லை.

ஒரு மழைக்காலம் முழுவதும் யோசித்து அவள் கண்டுபிடித்தது எளிமையான ஒன்று. ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்கள் ஓடுகின்றன. முதல் படத்தில் இருக்கும் சுவர் இரண்டாவது படத்திலும் அதே சுவர்தான். அதை எதற்கு இருபத்தைந்து முறை எழுத வேண்டும், 'முன்பு போலவே' என்று ஒரு குறிப்புப் போதுமே. அசைவதை மட்டும் எழுது, அசையாததை விட்டுவிடு. கண் தேடாத நிறத்தை விடு, காது தேடாத ஓசையை விடு. கேமரா பிடித்தவனின் கை நடுக்கத்தை விடு. மைக்குக்குப் பக்கத்திலேயே கேட்கிற அவன் மூச்சை, செருமலை, முணுமுணுப்பை விடு. இப்படி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பார்த்தபோது ஒரு முழுக் கல்யாணம் ஒரு பாட்டின் அளவுக்குச் சுருங்கி நின்றது. அதில் இருந்த முகங்களோ அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவைபோல் பளிச்சென்று இருந்தன. அந்த மென்பொருளுக்குச் சுருக்கி என்று பெயர் வைத்தாள். அது விட்டதெல்லாம்தான் பஞ்சாக வந்தது.

ஊர் அந்தப் பஞ்சை ஏற்றுக்கொண்ட கதை அவ்வளவு நீளமானது இல்லை. ராவுத்தர் தன் சட்டைப்பைப் பஞ்சை ஒரு தலையணைக்குள் திணித்துப் படுத்துப் பார்த்தார். கட்டிய பீவி மவுத்தாகி அவளை அடக்கம் செய்த நாளிலிருந்து ஒரு சாமத்துக்கு மேல் தூங்காதவர், மறுநாள் கிட்டங்கியைத் திறக்க வரவேயில்லை, விடிந்து வெகுநேரம் வரை தூங்கிப்போனார் என்று கதவை இடித்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு மாடியிலிருந்து கிட்டங்கிக்கு ஒரு துணிக்குழாய் தொங்கியது. ஏலக்காய் ஏல மையத்தில் விலை கூவுகிறவரிலிருந்து பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வரை சுருக்கிப் பஞ்சுத் தலையணை கேட்டார்கள். அதில் படுத்தால் காதுக்குள் ஒரு பந்தி நடப்பதுபோல, வெகுதூரத்தில் யார் யாரோ நல்லபடியாக இருப்பதுபோல ஒரு முணுமுணுப்புக் கேட்கும். என்ன சொல்கிறார்கள் என்று கவனிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். சீர்வரிசையில் ஒரு ஜோடி வைக்காவிட்டால் சம்பந்தி முகம் கோணியது. நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் நடவடிக்கை எடுப்பதற்காக வந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்து, இதைத் தூசி என்று எழுதுவதா பண்டம் என்று எழுதுவதா என்று தெரியாமல், 'இதர' என்று எழுதிவிட்டு, போகும்போது அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று வாங்கிப் போனார்.

பஞ்சில் தரம் பிரித்தார்கள். கல்யாணப் பஞ்சு லேசாக இருக்கும், கனவு நிறைய வரும். சடங்குப் பஞ்சில் கொஞ்சம் சிரிப்பு கலந்திருக்கும், வயதானவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. எழவுப் பஞ்சுதான் உசத்தி. செத்தவர் அசையமாட்டார், சுற்றி உட்கார்ந்திருப்பவர்களும் வெகுநேரம் அசையமாட்டார்கள். அசையாததையெல்லாம் சுருக்கி வெளியே தள்ளிவிடும். அதனால் ஒரு சாவு வீட்டிலிருந்து மூட்டை மூட்டையாகப் பஞ்சு கிடைத்தது. கனமான பஞ்சு. தலை வைத்ததும் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தெருமுனையில் கனகாம்பரமும் மல்லிகையும் விற்கும் ஒச்சம்மாவின் ஒரே மகன் குரங்கணிச் சாலையில் ஜீப் கவிழ்ந்து செத்தபோது, அவள் தம்பி ஓமனில் இருந்ததால் குருநாதன் போய் அந்தச் சாவை எடுத்தான். அந்தப் பஞ்சு முழுவதையும் ஒச்சம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டாள். மகனைத் தின்ற மண்ணில் தூங்க முடியாதென்று சொல்லிக்கொண்டிருந்தவள், அந்தத் தலையணை வந்த பிறகுதான் கண்ணை மூடினாள். அது நடந்து நான்கு வருடம் ஆகிறது.

இனிச் சொல்ல வேண்டியது குருநாதனைப் பற்றி. அவன் முகத்துக்கு நேராகப் பேசத் தெரியாத மனிதன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டுதான் அவளிடம் சம்மதமா என்று கேட்டான். ஆனால் படம் பிடிக்கும்போது, கேமராவுக்குப் பின்னால் தன் முகம் மறைந்ததும், அவனுக்குப் பேச்சு வரும். வெட்ட வேண்டிய இடங்களைத் தமயந்திக்குத் தெரியப்படுத்துவதற்காக, மைக்கில் விழும்படி மெதுவாகச் சொல்வான். 'தமா, இந்தச் சித்தப்பா கொட்டாவி விடுறாரு, எடுத்துடு.' 'தமா, மாப்பிள்ளை வேட்டி அவுந்துருச்சு, இதைக் காட்டாத, பாவம்.' அப்படித் தொடங்கி, வேலையோடு சேராததையும் சொல்வான். 'தமா, நாளைக்கு ரசம் மட்டும் வை, பந்தியில தின்னு வயிறு சரியில்ல.' 'தமா, பொண்ணு கட்டியிருக்கிற இந்தக் கலர் உனக்கு நல்லா இருக்கும்.' அவள் மாடியில் தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள், சிரிப்பாள், வெட்டுவாள். மறுநாள் ரசம் மட்டும் வைப்பாள். அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவான். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் பன்னிரண்டு வருடம் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் புருசனும் பெண்டாட்டியும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று நினைத்தார்கள்.

சுருக்கி வந்த பிறகு அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேமராவின் அட்டையைச் செருகி, ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, அரிசி ஊறப்போடப் போவாள். திரும்பி வரும்போது எல்லாம் சுத்தமாகியிருக்கும். அடுத்த முகூர்த்தத்துக்கு அட்டை வேண்டுமே என்று அதிலிருப்பதை அழித்துவிடுவாள். அவன் சொல்வதை நிறுத்திவிட்டான் என்று நினைத்தாள். அவன் நிறுத்தவில்லை.

இன்னொன்றும் நடந்தது. மென்பொருளுக்குப் பழக்கியதை அவள் காதும் பழகிக்கொண்டது. நேற்றைப் போலவே இன்றும் இருக்கிற எதையும் அது கேட்பதை விட்டுவிட்டது. குழாய்ச் சொட்டு, காலை பாங்கு, எதிர்வீட்டு மாவுமில், எல்லாமே அவளுக்கு முன்பு போலவே. கட்டிய புருசன் தினமும் இருமுவதும் முன்பு போலவே.

மாசி மாதத்தில் ஒருநாள் குருநாதனால் பேச முடியவில்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. மதுரைக்குக் கூட்டிப் போனாள். குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டார்.

"இந்த இருமல் எத்தனை நாளா இருக்கும்மா?"

"ஒரு மாசமா இருக்கும் சார்."

மருத்துவர் தலையசைத்து மறுத்தார். "வருசக்கணக்கா இருந்திருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் நன்றாக யோசித்தாள். அவள் நினைவில் ஓர் இருமல்கூட இல்லை.

குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஓர் ஓட்டையோடு வீட்டுக்கு வந்தான். பார்க்க வந்த ஒச்சம்மா, பூவை வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "நாலு வருசமா இருமுறாரே மதினி. முக்குல பூக்கட்டிக்கிட்டே நான் எண்ணுவேன். தெருவுக்கே தெரியுமே. உனக்குத் தெரியாதாக்கும்!"

வைகாசியில் மறுபடியும் மதுரைக்குப் போனபோது, நுரையீரலுக்குப் பரவிவிட்டது, இனி இங்கே கொண்டுவர வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். குருநாதன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். முதலில் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தண்ணி, வலி என்று எழுதிக் காட்டினான். பிறகு அதையும் விட்டுவிட்டான்.

அவன் குரலைத் தேடினாள் தமயந்தி. இருபது வருடம் ஊரிலுள்ள எல்லார் குரலையும் பிடித்தவனின் குரல் எங்கேயும் இல்லை. அவன் ஃபோனில் மற்றவர்கள்தான் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான கல்யாணங்களைப் போட்டுக் கேட்டாள். அத்தனையும் சுத்தமாக இருந்தன, அத்தனையிலும் அவன் இருந்த இடம் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. அவன் ஒருமுறை தமா என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டால், அவனுக்கும் அதைக் கேட்கக் கொடுத்துவிட்டால், சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்புவான் என்று அவளுக்குத் தோன்றியது. அது ஏன் அப்படித் தோன்றியதென்று கேட்டால் சொல்லியிருக்கமாட்டாள், ஆனால் அதைத் தவிர அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

எடுத்ததெல்லாம் பஞ்சாகத்தானே போயிருக்கிறது. பஞ்சைத் திரும்பக் கொடுத்தால் எடுத்தது திரும்ப வரத்தானே வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து சுருக்கியைத் தலைகீழாக எழுதினாள். ஜன்னல் கம்பியிலும் பரண் மூலையிலும் சிக்கியிருந்த பஞ்சைச் சீப்பால் வாரி, எதிர்ப்பக்கம் சுழலும் காற்றாடிக்கு ஊட்டினாள். வெகுநேரம் இரைச்சல். பிறகு, மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஓர் இருமல்.

அந்த இருமலை அவள் நாற்பது முறை கேட்டாள். மாடிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அழுகையும் சந்தோஷமுமாக, புதிதாகப் பிறந்த பிள்ளையின் சத்தத்தைக் கேட்பவளைப்போலக் கேட்டாள்.

பிறகு தலையணைகளைக் கேட்டு வீடு வீடாகப் போனாள்.

தூக்கத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஏலம் கூவுகிறவர் வீட்டில் இல்லையென்று சொல்லச் சொன்னார். சுகாதார ஆய்வாளர், தலையணை அம்மாவுடையது, அம்மா ஊரில் இல்லை என்றார். சீர்வரிசையில் வந்தது, அதைக் கொடுத்தால் ராசி போய்விடும் என்றார்கள். ஒச்சம்மா தலையணையை இடுப்பில் குழந்தையைப்போல இடுக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"என் மகன் எழவுல எடுத்த பஞ்சு இது. இதுல தலைய வச்சாத்தான் அவன் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு. இதைக் குடுத்துட்டு நான் எங்க போய்ப் படுக்க? கிணத்துலயா?"

"அவரு குரல் அதுக்குள்ள இருக்கு ஒச்சம்மா. ஒரே ஒரு தடவ."

"உனக்கு ஆளாவது இருக்கு மதினி. உசிரோட இருக்கு. போய்ப் பக்கத்துல உக்காரு. எங்கிட்ட வராத."

ராவுத்தர்தான் கடைசியில் ஊரைக் கூட்டினார். நீங்கள் தூங்கிய தூக்கமெல்லாம் அந்தப் பிள்ளை தன் புருசனிடமிருந்து அறுத்துக் கொடுத்தது என்று வீதி வீதியாகப் போய்ச் சொன்னார். சிலரிடம் கெஞ்சினார், சிலரைத் திட்டினார், கிட்டங்கியிலிருந்து மாற்றுத் தலையணை ஆளுக்கு இரண்டு தருவதாகச் சொன்னார். கூச்சத்தோடு ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். மாடியில் இருநூறு தலையணைகள் குவிந்தன. ஒச்சம்மாவுடையது மட்டும் வரவில்லை.

தமயந்தி பிளேடால் முதல் தலையணையின் தையலைப் பிரித்தாள். உள்ளே பஞ்சு இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடித் தூள் இருந்தது. அடுத்ததிலும் தூள். அடுத்ததிலும். காற்றாடிக்கு ஊட்டினாள், இரைச்சல்கூட வரவில்லை. இருநூறையும் பிரித்து முடித்தபோது அவள் முடியும் புருவமும் சாம்பலாகியிருந்தன. அவள் அந்தத் தூளின் நடுவில் உட்கார்ந்து, இருமினாள்.

"தூங்கியே கரைச்சிட்டோம் தாயி" என்றார் ராவுத்தர் வாசலில் நின்றபடி. "எல்லாத்தையும் நாங்களே தூங்கித் தீத்துட்டோம்."

அவள் தூளைப் பெருக்கவில்லை. இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. கீழே, கிட்டங்கியை ஒட்டிய வீட்டில், அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், மேலே அவள் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியான வெயிலில் ஏலம் கூவுகிறவர் தேநீர்க்கடைப் பெஞ்சில் கண் அயர்ந்தார். ஊரே அறிந்த கட்டைக் குரல் அவருடையது. ஆனால் வாய் லேசாகத் திறந்து, மெல்லிய, கூச்சமான, பக்கத்திலிருக்கும் யாருக்கோ மட்டும் சொல்வதுபோன்ற ஒரு குரல் வந்தது: "தமா, இந்தச் சின்னப் பொண்ணு ரொம்ப நேரமா ஒத்தையா உக்காந்திருக்கு. அதை ரெண்டு தடவ காட்டு. பாத்தா சந்தோசப்படும்."

கடைக்காரர் கையிலிருந்த கிளாஸ் விழுந்தது. ராவுத்தரிடம் ஓடினார்கள். ராவுத்தர் வெட்கப்பட்டுப் போனார். "நானும் வேற குரல்ல பேசுறேன்னு மகன் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான். வயசாச்சுன்னா அப்படித்தான்டான்னு சொன்னேன்." விசாரித்துப் பார்த்தால் எல்லா வீட்டிலும் அதே கதை. தூக்கத்தில் பெண்டாட்டி ஆண் குரலில் பேசுகிறாள் என்று ஒருவன் மந்திரித்துக் கயிறுகூடக் கட்டியிருந்தான். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும், தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். தூக்கம் வர வேண்டுமே என்று ராவுத்தர் பிரியாணி ஆக்கிப் போட்டார். கறி சாப்பிடாதவர்களுக்குத் தயிர்ச்சாதம். ஏல மையம் பூட்டியிருந்தது. எதிர்வீட்டு மாவுமில் ஓடாமல் நிறுத்தினார்கள். இருநூறு பேர் கோரைப்பாயிலும் ஜமுக்காளத்திலும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாகப் படுத்தார்கள். முதலில் கொஞ்சநேரம் கேலி நடந்தது.

"யோவ், குறட்டை விட்டுக் காரியத்தைக் கெடுத்துறாதயா."

"மதினி, எங்க வீட்டுக்காரரு வாயில என் ரகசியம் எதும் வந்தா வெட்டிருங்க."

பிறகு வெயில் பந்தலின் மேல் கனத்து இறங்கியது, காற்று நின்றது, ஒவ்வொருவராகத் தூங்கிப்போனார்கள். குருநாதனைத் தூக்கிவந்து வாசலில் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அவன் தலை கவிழ்ந்திருந்தான்.

அப்போது தொடங்கியது. ஒரு மூலையில் ஒரு கிழவியிடமிருந்து, "தமா." இன்னொரு மூலையில் பள்ளிக்கூட வாத்தியாரிடமிருந்து, "தமா, லைட்டு போயிருச்சு, இருட்டாத்தான் இருக்கும், விட்டுடு." சுகாதார ஆய்வாளரிடமிருந்து, "தமா, இன்னைக்கு நம்ம கல்யாண நாளு. இங்க இன்னொருத்தன் தாலி கட்டுறான், நான் உன்னைத்தான் நெனச்சுக்கிட்டு எடுக்குறேன்." ராவுத்தரிடமிருந்து, "தமா, நீ இப்பல்லாம் சிரிக்கிற சத்தமே வரமாட்டேங்குது மாடியிலருந்து. எம்மேல கோவமா?" இருநூறு வாய்களிலிருந்து ஒரே குரல், பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் சொல்லிக்கொண்டேயிருந்த குரல், நெல் வயலில் காற்றுப் போவதுபோலப் பந்தலுக்கடியில் இங்கும் அங்குமாக எழுந்து எழுந்து அடங்கியது. தமயந்தி பாய்களுக்கு நடுவில் கால்வைக்க இடம் தேடித் தேடி ஒவ்வொரு வாயருகிலும் குனிந்தாள். குருநாதன் தலையை நிமிர்த்தினான். அவன் தன் குரலைக் கேட்டான். அவன் திரும்பிவிட்டான் என்று அவள் கண்டாள். இதற்காகத்தானே, இதற்காகத்தானே என்று சொல்லிக்கொண்டாள்.

அவள் அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் தெருமுனையில், பந்தலுக்கு வெளியே, யாரும் கூப்பிடாமலேயே, பூக்கூடைக்குப் பக்கத்தில் அந்தத் தலையணையைப் போட்டு ஒச்சம்மா படுத்திருந்தாள். அவளும் தூங்கியிருந்தாள். தமயந்தி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு ஒச்சம்மாவின் உலர்ந்த உதடுகளிலிருந்து குருநாதன் பேசினான், மற்றவர்களிடம் பேசியதைவிட மெதுவாக.

"தமா. இந்தப் பையன் படுத்துக் கெடக்கிறதைப் பாத்ததும் சொல்லிடணும்னு தோணுது. ரெண்டு மாசமா தொண்டையில என்னமோ அடைச்சுக்கிட்டே இருக்கு. நேத்து எச்சில்ல ரத்தம் வந்துச்சு. நேர்ல சொன்னா நீ பயந்துருவ. எனக்கும் ஒத்தையா ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமா இருக்கு. சாயங்காலம் அட்டையைக் குடுத்துட்டுக் கீழ வண்டிகிட்ட நிப்பேன். இதைக் கேட்டதும் இறங்கி வா. ஒண்ணும் பேச வேணாம். வந்து பின்னால ஏறிக்க, போவோம்."

ஒச்சம்மா புரண்டு படுத்தாள்.

அந்தச் சாயங்காலம் தமயந்திக்கு நினைவிருந்தது. அரிசி களைந்துகொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவன் வண்டிமேல் கைவைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தபடி நின்றான். மழைக்காக நிற்கிறான் என்று நினைத்தாள். மழை பெய்யவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. வெகுநேரம் நின்றான். தெருவிளக்குப் போட்ட பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

அவள் எழுந்து, தூங்குகிறவர்களைத் தாண்டித் தாண்டி வாசலுக்கு வந்தாள். அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். காற்று நின்ற தெருவில் அது அவனுக்கும் கேட்டிருந்தது. அவன் கை எதையோ தேடியது. நாட்காட்டித் தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள். பல நாள் எழுதாத கை கோணலாக எழுதியது.

'நீ கேட்டும் இறங்கி வரல. அப்ப பயப்பட ஒண்ணும் இல்ல போலன்னு நெனச்சேன்.'

அவள் அதைப் படித்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"நான் கேக்கலைங்க" என்றாள். "அன்னைக்கு நான் கேக்கவே இல்ல. அதுக்கப்புறம் நீங்க சொன்ன எதையுமே கேக்கலை. மிஷினு கேட்டுச்சு. மிஷினு கேட்டு, வேணாம்னு வெளிய போட்டுருச்சு. நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

குருநாதன் அவளைப் பார்த்தான். கழுத்து ஓட்டையில் காற்று வேகமாகப் போய்வந்தது. நான்கு வருடம் அவன் சுமந்திருந்த ஒன்று அவன் முகத்திலிருந்து இறங்கியதா, அல்லது அதைவிடக் கனமான இன்னொன்று ஏறியதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழ முயன்றான். அவள் தோள் கொடுத்தாள். வாசலுக்குப் பக்கவாட்டில், சுவரோரமாக, மாதக்கணக்கில் யாரும் தொடாத அவன் வண்டி ஸ்டாண்டில் நின்றது. பத்தடி தூரத்தைக் கடக்க அவர்களுக்கு வெகுநேரம் ஆனது. அவன் சீட்டின் தூசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, காலைத் தூக்கிப் போட முடியாமல், அவள் தூக்கிவைக்க ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஹாண்டில்பாரைப் பிடித்தான்.

டேங்கில் பெட்ரோல் இல்லை. போய்ச்சேர ஓர் ஆஸ்பத்திரியும் இல்லை. பந்தலுக்கடியில் இருநூறு பேர் அவன் குரலில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே தூங்கினார்கள். குரல் ஏற்கெனவே மெலியத் தொடங்கியிருந்தது, சொல்லி முடித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன, சொன்னதைத் திரும்பச் சொல்ல அவற்றால் முடியாது.

தமயந்தி சேலையைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எலும்பாகிப்போன அவன் முதுகில் கன்னத்தை வைத்து, இரண்டு கையாலும் அவனைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்கி வந்துட்டேங்க" என்றாள். "வந்துட்டேன். போவோம்."